அம்மா விசாரித்த பள்ளிக்கூடம்

பத்து வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் விழிப்பதைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. பாரிசுக்கு வடக்கே ஒரு நடுத்தர ஆசுபத்திரி. சத்திரசிகிச்சை முடிந்தவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து என்னிடம் விடுவார்கள். மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் நிற்பேன். மூச்சைப் பார்ப்பேன், நாடியைப் பார்ப்பேன், குளிர்கிறது என்றால் போர்த்துவிடுவேன், வாந்தி வந்தால் பாத்திரம் பிடிப்பேன். அந்த அறைக்கு விழிப்பறை என்றே பெயர். எங்கள் பக்கத்துச் சனம் பல நாட்டுச் சனம். மயக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல் வார்த்தையை அவரவர் மொழியில்தான் சொல்வார்கள். சிலர் தாயைக் கூப்பிடுவார்கள், சிலர் திட்டுவார்கள். எங்கள் ஆள், இலங்கைத் தமிழர் ஒருவர், கண் திறந்ததும் என்னைப் பார்த்து, “அடுப்பைக் குறை, பருப்பு அடிப்பிடிக்குது” என்றார். குறைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அமைதியானார்.

விழிப்பறைக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் நடுவே ஓர் இரட்டைக் கதவு. அந்தப் பக்கத்தில், நோயாளியின் தலைமாட்டில், மயக்க மருந்து மருத்துவருக்குப் பக்கத்தில் ஒரு தாதி நிற்பார். முகமூடியைப் பிடிப்பதும், மருந்தை ஏற்றுவதும், மூச்சுக்குழாயைப் பார்ப்பதும், எல்லாம் முடியும்வரை அந்த உயிரை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பதும் அவருடைய வேலை. சாதாரணத் தாதியாகச் சில வருடம் வேலை செய்த பிறகு, அதற்கென்று உள்ள பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்தால்தான் அந்த இடத்தில் நிற்கலாம். எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதற்கும் நான் இவ்வளவு காலம், இவ்வளவு பிடிவாதமாக ஆசைப்பட்டதில்லை. கலியாணத்துக்குக்கூட இல்லை. என் கணவர் இதை வாசிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் எதைக் கண்டாலும் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஆசை எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். இந்த நாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எல்லாரும் பார்த்த வேலையைத்தான் நானும் பார்த்துவந்தேன். பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பு. பிரெபெக்தூர் என்ற அரசு அலுவலகத்தில் வதிவிட அட்டை, வங்கி, பல் வைத்தியர், வீட்டுக்காரன் என்று போன இடமெல்லாம் அப்பாவுக்கு வாய் நான்தான். அன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவரோடு ஆசுபத்திரிக்குப் போனேன். மருத்துவர் சொன்னதை அப்பாவுக்கும், அப்பா கேட்டதை மருத்துவருக்கும் சொல்லிக்கொண்டே கட்டிலோடு நடந்தேன். ஒரு கதவு வந்தது. பிள்ளை இதற்கு மேல் வரக்கூடாது என்றார்கள். அதை நான் தமிழில் சொல்வதற்குள் அப்பா தலையைத் தூக்கி, “நீ சாப்பிட்டனியோ?” என்று கேட்டார். கதவு மூடிவிட்டது. சாப்பிட்டேன் என்ற பதிலை வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

அன்று பின்னேரம் அவரை வார்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக, “சாப்பிட்டனான் அப்பா” என்றேன். “ஆர் கேட்டது?” என்றார். தான் கேட்டது அவருக்கு நினைவில்லை. ஆனால் வேறொன்று நினைவிருந்தது. அதைப் பிறகு பல வருடங்களாக, வீட்டுக்கு வந்த ஆட்கள் ஆசுபத்திரிக் கதை எடுக்கும்போதெல்லாம் சொல்வார்.

“உள்ளுக்கை ஒரு பொம்பிளை தலைமாட்டிலை நிண்டு என்னோடை கதைச்சுக்கொண்டே இருந்தா. நல்ல மாதிரித்தான் கதைச்சா. என்ன சொன்னவா எண்டுதான் தெரியேல்லை.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் ஏதோ அந்த ஒரு வசனத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டதுபோல இருக்கும். அப்பா இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன், நோய்நொடி என்று படுக்காமலே போய்விட்டார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதை இனி யாரிடமும் கேட்க முடியாது. அவள் நின்ற இடத்தில் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் என்னை விடவில்லை.

எனக்கு எட்டக்கூடியதாக இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று பாரிசில். அதன் பெயரைச் சொன்னால் சத்திரசிகிச்சை நிபுணர்களே ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். மற்றது வடக்கே, பாரிசின் கார் து நோர் நிலையத்திலிருந்து ரயில் ஏறிப் போகவேண்டிய, மழைக்குப் பேர்போன ஓர் ஊரில். அதன் பெயரைச் சொன்னால், “அங்கேயும் ஒன்று இருக்கிறதா?” என்பார்கள். ஆசுபத்திரியில் கோப்பி குடிக்கிற அறையில் நான் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எங்கே படித்தாலும் பட்டம் ஒன்றுதான் என்றார் ஒருவர். அதைச் சொல்வதற்கு முன் தான் படித்தது பாரிசில் என்று சொல்லிவிட்டார். பெயரைப் பார்த்து ஏமாறாதே, எத்தனை பேரைப் பாதியில் கழித்துவிடுகிறார்கள் என்று பார் என்றார் இன்னொருவர். இணையத்தில் தேடினால், ஒருவர் சொர்க்கம் என்று எழுதியதற்குக் கீழே இன்னொருவர் நரகம் என்று எழுதியிருந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்.

முதல் தடவை நான் பாரிசுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். எழுத்துச் சோதனை பாஸ். நேர்முகத்தில், ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டார்கள். பாடமாக்கிக்கொண்டு போனதை ஒப்பித்தேன். தொழில் வளர்ச்சி, பொறுப்பு, கூட்டுப் பணி. என் வாயிலிருந்து வந்த சொற்கள் எனக்கே அலுப்பாக இருந்தன. அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு மரியாதையாக அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த தடவை இரண்டுக்கும் விண்ணப்பித்தேன். கணவருக்கும் அம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் மூச்சு விடவில்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது. விசா, வீடு வாங்குவது, வயிற்றில் பிள்ளை, மகனுக்குப் பெண் பார்ப்பது, எதையும் கைக்கு வரும்வரை காதும் காதும் வைத்ததுபோலத்தான் வைத்திருப்போம். சொன்னால் கண்ணூறு பட்டு வருவதும் வராமல் போய்விடும். இந்த விதியைச் சின்ன வயதிலிருந்து எனக்கு ஊட்டி வளர்த்தவர் என் அம்மா. அதை உடைத்தவரும் அவரேதான்.

அம்மா எங்களோடு பாரிசுக்கு வெளியே சார்செலில் இருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் ரயில் ஏறி, பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போவார். மரக்கறி வாங்கத்தான் போவது, ஆனால் மரக்கறி இரண்டாம் பட்சம். இரண்டு பள்ளிக்கூடங்களில் எதை எடுப்பது என்று நான் தலையை உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

“விசாரிச்சனியோ?”

“இன்ரநெற்றிலை பாத்தனான் அம்மா.”

“அதிலை அவையள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதுவினம். மாப்பிள்ளை வீட்டிலையே போய் மாப்பிள்ளை எப்பிடி எண்டு கேக்கிறதோ?”

எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணப் பேச்சு வந்தாலும் விசாரிக்கும் பொறுப்பு அம்மாவுக்குத்தான். அதற்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளையின் சொந்தக்காரரிடம் கேட்கக் கூடாது. நண்பர்களிடமும் கூடாது. இப்போதைய பக்கத்து வீட்டுக்காரரும் சரிவராது, நாளைக்கும் முகத்தில் முழிக்கவேண்டியவர்கள் பொய்தான் சொல்வார்கள். முன்பு பக்கத்து வீட்டில் இருந்து, பிறகு வேறிடம் போய்விட்டவர்களைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்குப் பயமும் இராது, இருந்த கோபமும் ஆறியிருக்கும். அப்படி ஒருவரையொருவர் தெரியாத சிலர் ஒரே கதையைச் சொன்னால் அது உண்மை. இந்த முறையால் எங்கள் உறவுக்குள் இரண்டு கலியாணம் நின்றிருக்கிறது. நின்றது நல்லது என்று பிறகு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

“பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு ஆரம்மா?” என்று சிரித்தேன்.

“ஏன், அந்த ஆசுப்பத்திரியிலை மயங்கிக் கிடந்து எழும்பின சனம் இருக்குத் தானே” என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

எனக்கென்று சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினேன். “உன்னைப் பற்றி ஏன் நான் கதைக்கப் போறன்? எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு எண்டுதான் கேப்பன்” என்றார். அந்த நேரம் எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. என் புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களில் ஒரு தாய் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு என்று வாயெடுத்தால் அது தான் பெற்ற பிள்ளை என்பது குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பதில் ஒலிபெருக்கி பிடித்திருக்கலாம்.

இரண்டு கிழமை கழித்து நான் லா சப்பலுக்குப் போனபோது மரக்கறிக் கடைக்காரர் பாகற்காயை நிறுத்துக்கொண்டே, “மயக்க ஊசிக்குப் படிக்கப் போறியளாம். படிச்சு முடிச்ச உடனை என்ரை மனிசிக்கு ஒண்டு போட்டுவிடுங்கோ, ரெண்டு நாள் வீடு அமைதியாய் இருக்கும்” என்றார். மனைவி அவருக்குப் பின்னால் நின்று தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். “எனக்கு வேண்டாம் தங்கச்சி, இவருக்குப் போடுங்கோ, எழும்பாத மாதிரி” என்றார். பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனேயில் நகைக்கடைக்குள் காதணி ஆணி மாற்றப் போனால் அங்கேயும் அதே கதை. அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாரிசைத்தான் எடுக்கவேணும். வெளியூருக்குப் போனியள் எண்டால், பாரிசிலை கிடைக்கேல்லைப் போலை எண்டுதான் சனம் நினைக்கும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது என் மனதிலும் இருந்ததுதான்.

திரும்பி வரும்போது கார் து நோர் மேடையில் வைத்தே அம்மாவோடு சண்டை பிடித்தேன். “இனிக் கிடைக்காட்டி நான் இந்தப் பக்கம் தலைகாட்டேலாது. உங்களாலைதான்” என்றேன். அம்மா மரக்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கத்தி முடிச்சிட்டியெண்டால் நான் விசாரிச்சதைச் சொல்லுறன்” என்றார்.

பாரிஸ் ஆசுபத்திரியில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மூன்று பேரைப் பிடித்திருக்கிறார். மூவரும் ஒரே கதை சொல்லியிருக்கிறார்கள். பெரிய இடம், நல்ல மெசின், சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

“ஆனால் உங்கடை தலைமாட்டிலை ஆர் நிண்டவை எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை” என்றார் அம்மா.

“மயங்கினவைக்கு எப்பிடியம்மா ஞாபகம் இருக்கும்?”

“உன்ரை அப்பாவுக்கு இருந்தது தானே.”

ரயில் வந்தது. மரக்கறிப் பையை நான் தூக்கிக்கொண்டேன்.

வடக்கு ஊருக்கும் அம்மா ஓர் ஆளைக் கண்டுபிடித்திருந்தார். லா சப்பலில் சேலைக் கடை ஒன்றின் பின்னறையில் சட்டை தைக்கிற அக்கா. முன்பு கணவரோடு அந்த ஊரில் இருந்து, பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவர். அம்மாவின் கணக்கில் இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த அக்கா தையல் மெசினை நிறுத்தாமலே கதைத்தார்.

“எனக்கு அப்ப பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது, தங்கச்சி. நாட்டிலையிருந்து வந்து கொஞ்சக் காலம். வயித்திலை பிள்ளையின்ரை துடிப்புக் குறையுது எண்டு அவசரமாய் உள்ளுக்குக் கொண்டு போட்டினம். இவரை வெளியிலை நிப்பாட்டிப் போட்டினம். முதுகிலை ஊசி. இடுப்புக்குக் கீழை ஒண்டும் தெரியாது, ஆனால் முழிப்பு. முன்னாலை துணியைக் கட்டி மறைச்சிட்டினம். எனக்கு நடுக்கம், பல்லு அடிக்குது. தலைமாட்டிலை ரெண்டு பேர். ஒராள் கொஞ்சம் வயசு போனவ, மற்றவ இளம் பிள்ளை. வயசு போனவ என்ரை முகத்தைப் பாத்திட்டு மற்றவவுக்கு என்னமோ சொன்னா. அந்தப் பிள்ளை வெளியிலை ஓடிப்போய் இவரின்ரை நம்பரைக் கேட்டுக்கொண்டு வந்து, ரெலிபோனை எடுத்து என்ரை காதிலை வைச்சா.”

“அண்ணை என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

மெசின் நின்றது. அக்கா சிரித்தார்.

“அந்த மனிசன் என்னத்தைச் சொல்லும்? கார் எங்கை விட்டனான் எண்டு சொல்லிச்சுது. பாக்கிங்கிலை மூண்டாம் மாடி, தூணுக்குப் பக்கத்திலை எண்டு. வேறை ஒண்டும் வாயிலை வரேல்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேக்குமட்டும் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தன். நடுக்கம் நிண்டிட்டுது. அந்தப் பிள்ளை கை எடுக்காமல் ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டே நிண்டா.”

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அவர் சொன்னார். “அவ அங்கை படிக்கிற பிள்ளை. மற்றவ படிப்பிக்கிறவ. ஊசி மருந்தையும் படிப்பிச்சிருப்பா, இதையும் படிப்பிச்சவ.”

எனக்கு அழுகை வந்தது. சட்டைக் கொக்கிகள் வைத்திருந்த டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எதையோ தேடுகிறவள்போல் குனிந்துகொண்டேன். பதின்மூன்று வயதில் நான் நின்ற கதவு முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு யாராவது ஒருத்தி வெளியே வந்திருந்தால், நான் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல் அப்பாவின் காதுக்குப் போயிருக்கும். அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த சேலை ஒன்றின் கரையைத் தடவி, இது என்ன விலை என்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த மழை ஊர்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. வேலை முடிந்து ரயில் மாறக் கார் து நோரில் நிற்கும்போது, பலகையில் அந்த ஊரின் பெயர் வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால், அந்த ரயில் கிளம்பும்வரை நிற்பேன். எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஒரு சட்டை தைக்கிறவரின் வாய்ச்சொல்லை நம்பி, பிரான்சு முழுக்க மதிக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறிடத்துக்கு உருகிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன அந்த இரண்டு தாதிகளும் இன்னும் அங்கே இருப்பார்களா என்பதுகூடத் தெரியாது. என்றோ ஒரு நாள் நடந்ததை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தை எடைபோட முடியாது. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆசை கேட்கவில்லை.

பாரிஸ் நேர்முகம் முதலில் வந்தது. அதே கேள்வி. இந்தத் தடவை ஒப்பிக்காமல் அப்பா சொன்ன வசனத்தைச் சொன்னேன். எதிரே மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தாளைப் புரட்டிக்கொண்டே, இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதற்கும் சொன்னேன். வடக்கில் வேறு மாதிரிக் கேட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எப்படி அறிந்தாய் என்றார்கள். என் அம்மா சேலைக் கடையில் விசாரித்தார் என்றேன். சிரித்தார்கள். முழுக்கச் சொல்லச் சொன்னார்கள். கார், மூன்றாம் மாடி, தூண் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஓரத்தில் இருந்த ஒரு பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

முடிவுகள் வந்தன. பாரிசில் எனக்கு இடம். வடக்கில் காத்திருப்போர் பட்டியல்.

எவ்வளவு காலம் காத்திருந்த செய்தி அது. அம்மா ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டுபோய் லா சப்பலில் கடை கடையாகக் கொடுத்தார். தெரிஞ்ச பிள்ளைக்குக் கிடைச்சிட்டுதோ என்று எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்களாம். நகைக்கடை அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். ஆசுபத்திரியில், பாரிசில் படித்த அந்தப் பெரிய மனிதர் முதல் தடவையாக எனக்கும் ஒரு கோப்பி எடுத்துத் தந்தார். எனக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. பெயருக்கு மயங்காதவள் என்று நான் சொல்லிக்கொண்டால் அது பச்சைப் பொய். இருந்தும் ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பியதும் அந்தப் பட்டியல் நகர்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

கோடை முடியப்போகிற நேரத்தில் வடக்கிலிருந்து தொலைபேசி வந்தது. ஒருவர் விலகிவிட்டார், இடம் இருக்கிறது, நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றார் ஒரு பெண். நான் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கணவர் உணவகத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சமையலறை வேலை, கடை பூட்டித்தான் வருவார். நான் சொன்னதும் சப்பாத்தைக் காலில் மாட்டாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

“உமக்கு எது விருப்பம்?” என்றார்.

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றார். சப்பாத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “கிழமை முழுக்க நீர் அங்கை. நான் பின்னேரத்திலை இல்லை. அம்மாவுக்குச் சீனி ஏறி இறங்குது. போன மாசம் குசினியிலை விழுந்ததை நினைச்சுப் பாரும்” என்றார். போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் கலியாணத்தில் இதுவரை அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அதுதான் தொல்லை.

அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தார்.

“விசாரிச்சது நான். எது நல்ல இடம் எண்டு எனக்குத் தெரியும். நீ போ. நான் தனிய இருப்பன்.”

“சனம் என்ன நினைக்கும்?” என்று கேட்டேன். லட்டுக் கொடுத்த கை அவருடையது.

“சனம் நினைச்சிட்டுப் போகட்டும். அதுக்கென்ன, பிறகு வந்து உன்னட்டைத் தானே மயங்கப் போகுது.”

அவர் போகாதே என்று சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். போ என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் நான் வடக்குக்குத் தொலைபேசி எடுத்து, வரமுடியாது என்று சொன்னேன். அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. பரவாயில்லை, வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டும், அவசரத்தில் இருந்திருப்பார்.

பாரிஸ் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதன் பெயர் சும்மா வந்ததில்லை. மூச்சு விடுகிற, இருமுகிற, நாங்கள் பிழை விட்டால் நீலம் பாய்கிற பொம்மைகளை வைத்துப் பழக்குகிறார்கள். மருந்தின் அளவு பிசகினால் விடமாட்டார்கள். மூளை சாறாகிவிடும் அளவுக்குப் படிப்பு. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் இப்போதும் அந்த ஊரின் பெயர் பலகையில் ஏறுகிறது. இப்போதும் நிற்கிறேன். அங்கே என் இடத்தில் யாரோ ஒருவர் இருக்கிறார், அவருக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்களோ என்று நினைப்பேன். ரயில் போன பிறகு சார்செல் ரயிலுக்குக் கீழ்மேடைக்கு இறங்குவேன்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் என் முதல் பயிற்சிக் காலம். எனக்குப் பழக்கிய தாதி கண்டிப்பானவர், தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார். ஒருநாள் காலை மாலி நாட்டுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு தெரியாது. கதவு வரைக்கும் மகள் கூடவே வந்து, எல்லாவற்றையும் பம்பாரா மொழியில் சொல்லிக்கொண்டு வந்தாளாம். கட்டிலில் கிடந்த அந்தப் பெண் எங்களைப் பார்க்காமல் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சுத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு நிமிடம் வெளியே போய்வரலாமா என்று கேட்டேன். என் ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கெதியாய் வா என்றார்.

கதவுக்கு வெளியே அவள் நின்றாள். பள்ளிக்கூடப் பை முதுகில். அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவள் யோசித்தாள். மூக்குக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது, அதைத்தான் தேடுவா என்றாள். கண்ணாடி மகளிடம் இருக்கிறது என்று உன் மொழியில் சொல்லித்தா என்றேன். சொன்னாள். திருப்பிச் சொன்னேன். சிரித்துவிட்டு மறுபடியும் சொன்னாள். அந்த ஒலிகளை வாய்க்குள் உருட்டிக்கொண்டே உள்ளே ஓடினேன்.

தலைமாட்டில் குனிந்து அதைச் சொன்னேன். அந்தப் பெண் கதவை விட்டு என் பக்கம் திரும்பினார். ஒரு சொல்லை எனக்குத் திருத்தினார். மறுபடியும் சொன்னேன். இன்னும் சரியில்லை போல, திரும்பவும் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த தடவை சரியாக வந்திருக்க வேண்டும், தலையை ஆட்டினார். மருத்துவர் மருந்தை ஏற்றத் தொடங்கினார். நான் முகமூடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி மகளிடம் இருக்கிறது, கண்ணாடி மகளிடம் இருக்கிறது என்று அவர் கண் மூடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்பா இருந்திருந்தால் அன்று பின்னேரம் நேரே வீட்டுக்குப் போய் அவருக்கு மொழிபெயர்த்திருப்பேன். அந்தப் பொம்பிளை பெரிசா ஒண்டும் சொல்லியிருக்கமாட்டா, அப்பா. வெளியிலை நிக்கிற பிள்ளை சாப்பிட்டிட்டுது எண்டுதான் சொல்லியிருப்பா.